பங்காக வரும் காசா, கேட்டு வாங்கும் காசா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு சின்ன நகரசபையின் நிதிப் பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசிடமிருந்து வரும் காசில் எதை நம்பி இருப்பது என்று சபைக்கு ஒருமுறை எழுத்தில் பரிந்துரை கொடுக்க வேண்டி வந்தது. ஒரு பக்கம், வருடா வருடம் தானாக வந்து சேரும் பங்கு. மறுபக்கம், விண்ணப்பம் போட்டு, மற்ற ஊர்களோடு மோதி வாங்கும் மானியம். நான் பங்கின் பக்கம் நின்றேன். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன், அன்றிருந்த வீறாப்பு மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டது.

பங்காக வருவது கனடா சமூகக் கட்டமைப்பு நிதி. 2005இல் பெற்றோல் வரி நிதி என்று தொடங்கி, 2011இல் ஆண்டுக்கு 2 பில்லியன் டொலர் என்று சட்டத்தில் நிரந்தரமாகி, 2021இல் பெயர் மாறியது. அலுவலகங்களில் இன்னமும் 'காஸ் டாக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். 2024இலிருந்து பத்து வருடத்துக்கு 26.7 பில்லியன். ஒன்ராறியோவில் மாநகரசபைகள் சங்கத்தின் ஊடாகத் தலைக்கணக்கில் பிரிந்து, வருடத்துக்கு இரண்டு தவணையாக வரும். ரொறன்ரோவுக்கு மட்டும் நேரடியாகப் போகிறது. தலைக்கு ஏறத்தாழ 60 டொலர் என்று வையுங்கள். மேலே கவுண்டி என்று, பல ஊர்களைச் சேர்த்த மேல்மட்டச் சபை ஒன்று இருக்கும் ஊர்களில் அதில் பாதி அங்கே போய்விடும்.

கேட்டு வாங்குவது பல பெயரில் வரும். நான் அதிகம் புழங்கியது 2018இல் மாகாணங்களோடு ஒப்பந்தம் போட்டுத் தொடங்கிய 33 பில்லியன் டொலர் உட்கட்டமைப்புத் திட்டம். தொகை பெரிது, படிவமும் பெரிது. வேலையை முடித்து, பில்லை அனுப்பி, பிறகுதான் காசு கைக்கு வரும். இடையில் விலை ஏறினால் கூடுதல் செலவு நகரசபையின் தலையில், ஏனென்றால் மேலிருந்து வரும் மானியத்துக்கு ஒப்பந்தத்திலேயே உச்சவரம்பு இருக்கும். பங்கு நிதியைக் கொண்டு அந்த இடைவெளியை அடைக்கலாம் என்றால் அதுவும் லேசில்லை. மத்திய காசுக்கென்று ஒரு வரம்பு இருக்கும் திட்டத்தில் இதுவும் மத்திய காசாகவே கணக்கில் ஏறும். இதெல்லாம் நிதிப் பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை.

பராமரிப்புத்தான் என்னை ஒரு பக்கம் சாய்த்தது. பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 33 பில்லியன் திட்டத்தின் கீழ் ஒன்ராறியோவில் புதுப் போக்குவரத்து வேலைக்கு மத்திய அரசு 40 சதவீதம், மாகாணம் 33.33, நகரசபை 26.67 என்று இருந்தது. நூறு டொலர் பஸ்ஸை 27 டொலருக்கு வாங்குகிறோம், கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த பஸ் பன்னிரண்டு வருடம் ஓட வேண்டும். சாரதியின் சம்பளம், எரிபொருள், பிரேக், டயர், காப்புறுதி, உப்பு தின்ற அடித்தட்டு, நடுவயதில் பெரிய பழுது. இவற்றுக்கு அந்த மானியத்திலிருந்து ஒரு சதமும் வராது. ஒன்ராறியோ நகரசபைகள் நீண்டகாலக் கடன் வாங்குவதென்றால் மூலதன வேலைக்கு மட்டும். நாளாந்தச் செலவுக்குப் பற்றாக்குறை பட்ஜெட் போடச் சட்டத்தில் இடமில்லை. ஆக, சொத்து வரியை ஏற்ற வேண்டும், அல்லது பயணக் கட்டணத்தை ஏற்ற வேண்டும், அல்லது ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நிறுத்த வேண்டும். யானையை இனாமாகக் கொடுத்தவர் கரும்புக்குக் காசு தருவதில்லை.

பங்கு நிதியும் சாரதி சம்பளத்துக்கு உதவாது, அதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் பழையதைப் பழுது பார்க்க, மாற்ற அதை எடுக்கலாம். எந்த வேலை முதலில் என்பதை ஊரே தீர்மானிக்கலாம். முக்கியமாக, சேர்த்து வைக்கலாம். அந்த மானியத்திலும் புதுப்பித்தலுக்கு இடம் இருந்தது, பொதுப் போக்குவரத்தில் மத்திய அரசு 50 சதவீதம் வரை தந்தது. இருந்தாலும் விண்ணப்பம் போடலாமா என்ற கேள்வி சபைக்கு வந்தால், நாடா வெட்டக்கூடிய வேலைக்குத்தான் கைகள் உயரும். எட்டு வருடத்தில் வடிகாலுக்கு உயர்ந்த கையை நான் பார்த்ததில்லை.

என் பரிந்துரைக்குக் காரணமானது ஒரு மதகு. மார்ச் கடைசி, பனி கரைகிற நேரம். வீதிப் பிரிவு மேற்பார்வையாளர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேலே தார் வீதி நல்லாகத்தான் இருந்தது. கீழே எழுபதுகளில் போட்ட அலைத்தகட்டுக் குழாய். அவர் ரப்பர் பூட்ஸோடு ஓடைக்குள் இறங்கி, தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் மேலே திருப்புளியால் ஒரு குத்துக் குத்தினார். பிடி வரை உள்ளே போய்விட்டது. இழுத்தபோது துரு பிஸ்கட் தூள் மாதிரிக் கொட்டியது. பள்ளிக்கூட பஸ் நாளைக்கு நான்கு தடவை அதன் மேலால் போகும். ஒன்ராறியோவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொறியியலாளர் பாலங்களைப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். இரண்டு அறிக்கைகளாக அந்த மதகின் பெயர் இருந்தது, இரண்டு பட்ஜெட்டிலும் அது தள்ளிப் போயிருந்தது.

அந்த வருடமே சபைக்கு ஒரு மண்டபத் திட்டம் வந்தது. மானியம் கிடைத்தால் எங்கள் கை கால்பங்குதான். ஆனால் அந்தக் கால்பங்குக்கே ஒதுக்கீட்டுப் பணம் முழுதும் போய்விடும், மதகு மறுபடியும் தள்ளிப் போகும். நான்கு வருடமாகச் சேர்ந்திருந்த பங்கு நிதியை மதகுக்குப் போடுங்கள், மண்டபத்துக்கு இம்முறை விண்ணப்பிக்க வேண்டாம் என்று எழுதினேன். ஒரு வாக்கு வித்தியாசத்தில் சபை ஏற்றுக்கொண்டது.

இதை வைத்து மானியமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் கூட நிற்கமாட்டேன். தலைக்கு 60 டொலரில் சுரங்க ரயில் வராது. ரொறன்ரோவின் இரண்டாம் பாதைக்கு 55 புது ரயில்கள் வாங்க மத்திய அரசு 758 மில்லியன் டொலர் தருவதாக 2024 நவம்பரில் உறுதியானது, மூன்றில் ஒரு பங்கு. அதைப் பேசி வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் பெரிய நகரத்திலும் பராமரிப்புக் கணக்கு விடாது. ஸ்காபரோவில் 1985இல் ஓடத் தொடங்கிய மூன்றாம் பாதை, பெட்டிகளின் ஆயுள் தாண்டிய பிறகும் ஓடி, 2023 ஜூலை 24 அன்று தடம் புரண்டது. அதை நிரந்தரமாக மூடத் திட்டமிட்ட நாளுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது, ஆனால் மறுபடி திறக்கவே இல்லை. அதற்குப் பதிலான சுரங்கப் பாதைக்கு ஒட்டாவா 660 மில்லியன் தருவதாகச் சொன்னது 2013இல். அந்தப் பத்து வருடமும் பழைய பெட்டிகள்தான் சனத்தைச் சுமந்தன.

2024 ஜூலையில் அறிவித்த பொதுப் போக்குவரத்து நிதியில், பஸ் ஓடும் ஊர்களுக்கென்று அடிப்படைத் தொகை ஒன்றைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். பங்கு முறைக்குக் கிட்ட வருகிற யோசனை, எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தக் காசை வைத்து பட்ஜெட் போட்ட அனுபவம் எனக்கு இல்லை, அதனால் பிடித்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டு விஷயத்தில் என் கை இன்னும் மெலிவு. பக்கத்து மேசைக்காரர் செய்ததைப் பார்த்ததுதான். ஆனால் அங்கே நிபந்தனையோடு வரும் காசு வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 4 பில்லியன் டொலர் வீடமைப்பு முடுக்கு நிதியில் 2023 செப்டம்பரில் முதல் ஒப்பந்தம் போட்டது ஒன்ராறியோவின் லண்டன் நகரம், 74 மில்லியன். அந்த டிசம்பரில் ரொறன்ரோவுக்கு 471 மில்லியன். ஒரே காணியில் நான்கு குடித்தனம் வரை தனி அனுமதி இல்லாமல் கட்டவிடு என்று கேட்டார்கள், வின்ட்சர் மறுத்தது, காசு போகவில்லை. தலைக்கணக்கில் தானாக வரும் காசு எந்தச் சபையையும் அப்படி ஒரு விதியை மாற்ற வைத்திருக்காது. கட்டிய பிறகு வரும் கணக்கு வேறு. மலிவு வாடகைக்கு வீடு கொடுக்கும் ரொறன்ரோ சமூக வீடமைப்பின் 58,000 வீடுகளைத் திருத்த 2019இல் ஒட்டாவா 1.34 பில்லியன் டொலரை மானியமாகவும் கடனாகவும் கொடுக்க வேண்டி வந்ததை நினைத்துப் பாருங்கள். கூரையும் கொதிகலனும் வருடா வருடம் பார்க்கப்பட்டிருந்தால் அவ்வளவு பெரிய தொகை ஒரேயடியாகத் தேவைப்பட்டிருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

மதகு போட்டாயிற்று. கொங்கிரீட் பெட்டி, எழுபத்தைந்து வருடம் கிடக்கும் என்றார் பொறியியலாளர். திறப்பு விழா இல்லை, இரண்டு கிழமை வீதி மூடியதற்கு வந்த முறைப்பாடுகள்தான். மண்டபத்துக்குப் பக்கத்து ஊர் விண்ணப்பித்து வென்றது. அழகான மண்டபம், பொய் சொல்லக்கூடாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளியூர்க் கட்டணம் கட்டி அங்கேதான் பட்மின்டன் பழகப் போகிறார்கள், என் மகளும் சேர்த்து.