கண்ணாடி விலைக்கு அக்ரிலிக்: வேலூரில் அடுப்படிச் சுவர் வேலை கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கங்களில் பழைய வீடுகளின் சமையலறையை மாற்றிக் கட்டுபவர்கள் பலரும் இப்போது அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவருக்கு டைல்ஸை விட்டுவிட்டு வண்ணக் கண்ணாடி கேட்கிறார்கள். அந்த விருப்பத்தைப் பயன்படுத்தி, சூடாக்கி வலுவூட்டிய கண்ணாடியான டஃபன்டு கிளாஸின் விலையை வாங்கிக்கொண்டு அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் பலகையை ஒட்டிவிட்டுப் போகும் கடைகளும் இருக்கின்றன. அப்படி ஒரு கடையிடம் நாங்கள் ஏமாந்தோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஏமாற்றும் முறை ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று என்று தெரிய வந்ததால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் அடுப்படியில் இருந்தவை பழைய வெள்ளை டைல்ஸ். ஓடுகள் கெடவில்லை, அவற்றின் இடுக்குகளில் பூசிய வெள்ளைச் சிமென்ட்தான் ஆண்டுக்கணக்கான தாளிப்பு எண்ணெயைக் குடித்துக் கருத்துப் போயிருந்தது. இடுக்கே இல்லாத பரப்பு வேண்டும் என்று கேட்டபோது, கடைக்காரர் எடுத்துக் காட்டிய மாதிரித் துண்டு உண்மையான கண்ணாடி: கையில் கனத்தது, தொட்டால் குளிர்ந்தது, ஓரத்தில் பச்சை நிறம் ஓடியது. 10 அடி நீளமும் 2 அடி உயரமும் கொண்ட சுவருக்கு, '8 எம்.எம். டஃபன்டு கிளாஸ், பின்புறம் பெயின்ட், சதுர அடி 520 ரூபாய்' என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். அந்த ஒரு வரிதான் பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது.

ஒட்ட வந்த அன்றைக்கே பொருள் தன்னைக் காட்டிக்கொடுத்தது. கண்ணாடி, ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரைக் கிலோ எடை இருக்கும். அந்தக் கணக்கில், ஐந்தடிக்கு இரண்டடியாக வர வேண்டிய எங்கள் இரண்டு பலகைகளும் சேர்ந்து 37 கிலோவாவது இருந்திருக்க வேண்டும். வந்த பையனோ இரண்டையும் ஒரே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறு கையில் கருவிப் பையோடு மாடிப்படி ஏறி வந்தான். அடுத்ததாக, மிக்ஸிக்கான பிளக் பாயின்ட் வரும் இடத்தில் சுவரை அளந்து குறித்து, எங்கள் கண் முன்னாலேயே ரம்பம் பூட்டிய கை மெஷினால் பலகையில் சதுரத் துளை போட்டான். தரையெல்லாம் துருவிய தேங்காய்ப் பூப் போல வெள்ளைச் சுருள்கள் விழுந்தன. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை அடித்தது.

"தம்பி, இது கண்ணாடிதானா?" என்று கேட்டேன்.

"டஃபன் கிளாஸ்தாங்க்கா. கம்பெனி ஐட்டம், பயப்படாதீங்க" என்றான்.

கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது, "புது டெக்னாலஜி மேடம், இப்பல்லாம் சைட்டுலயே கட் பண்ணிக்கலாம்" என்று பதில் வந்தது.

அப்படிப்பட்ட தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி, வேகமான காற்றால் சட்டென்று குளிர்விப்பதால்தான் அது டஃபன்டு ஆகிறது. வெளிப்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி பிறகு ஆறிச் சுருங்குவதால், மேல்தோல் எப்போதும் அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் இருக்கும். வலிமை வருவதும் அந்தச் சமநிலையால்தான். அதை ஓரிடத்தில் குலைத்தால் பலகை முழுவதும் சிறுசிறு துண்டுகளாகச் சிதறுவதும் அதனால்தான். ஆகவே டஃபன்டு கண்ணாடியில் வர வேண்டிய ஒவ்வொரு துளையும், ஒவ்வொரு வெட்டும், சூளைக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைக்காரர் முதலில் வீட்டுக்கு வந்து பிளக் பாயின்ட்டை அளந்து போக வேண்டும். துளையோடு கூடிய பலகைதான் பிறகு வர வேண்டும். அளவெடுக்க ஆளே வராமல் பலகை வந்து, அதை வீட்டில் வைத்து வெட்டினால், அது டஃபன்டு கண்ணாடி அன்று. வேறு எந்தச் சோதனையும் தேவையில்லை.

முதல் சில வாரங்கள் சுவர் பளபளவென்றுதான் இருந்தது. ஸ்டீல் ஸ்கிரப்பர் பட்ட இடங்களில் மெல்லிய கீறல்கள் விழுந்து, பிறகு அந்தப் பகுதியே புகை படிந்ததுபோல் மங்கியது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்போம். விருந்தாளிகள் வந்த ஒரு நாள் பெரிய பர்னரில் பிரியாணி தேக்சா ஏறியதும்தான் உண்மையான ஆபத்து தெரிந்தது. அகலமான பாத்திரத்தின் அடியில் தீ பக்கவாட்டில் பரந்து, சூடு முழுவதும் பின்சுவரில் அடிக்கும். அக்ரிலிக்கோ ஏறத்தாழ 100 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் பிளாஸ்டிக், தீ நேரடியாகப் பட்டால் எரியவும் செய்யும். தேக்சாவுக்குப் பின்னால் பலகை உப்பி, ஒட்டியிருந்த சிலிக்கான் பசை விட்டுப் போய், ஓரம் அடுப்பை நோக்கி வளைந்து வந்தது. எரிவாயு அடுப்புக்கு ஒரு சாண் தூரத்தில், எரியக்கூடிய ஒரு பலகை தானாகத் தீயை நோக்கி வருகிறது என்றால், ஏமாந்த பணம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும்.

கடைக்காரர் சொன்ன விளக்கங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. உங்கள் அடுப்பில் தீ அதிகம் என்றார். பிறகு சிலிக்கான் சரியில்லை என்றார். கடைசியில், "நம்ம வேலூர் வெயிலுக்கு எந்தக் கண்ணாடியா இருந்தாலும் வளையத்தான் செய்யும் மேடம்" என்று முடித்தார். அக்னி நட்சத்திரத்தில் இந்த ஊர் 40 டிகிரியைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் சன்னல் கண்ணாடியும் பேருந்துக் கண்ணாடியும் அதே வெயிலில்தான் நிற்கின்றன. அவற்றில் ஒன்றாவது வளைந்து இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பிளக் பாயின்ட்டுக்காக வெட்டிய சதுரத் துண்டு வீட்டிலேயே கிடந்தது. அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியை அதன் மேல் பஞ்சால் தடவியதும் பரப்பு பிசுபிசுத்து வெளுத்தது. அந்தத் திரவம் கண்ணாடியை ஒன்றும் செய்யாது, அக்ரிலிக்கைக் கரைத்துவிடும். இந்தச் சோதனையைக் காணொளியாக எடுத்துவைத்தோம். கடை கொடுத்த ரசீதிலோ 'பேனல் ஒர்க் – 20 சதுர அடி' என்று மட்டுமே இருந்தது. எந்தப் பொருள், எத்தனை கனம் என்ற விவரம் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த அந்த வரி இல்லாவிட்டால், கண்ணாடி என்று தான் சொல்லவேயில்லை என்று அவர் சாதித்திருப்பார்.

கண்ணாடிதான் வேண்டும் என்று முடிவு செய்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, பொருளின் பெயரும் கனமும் ரசீதில் வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டஃபன்டு கண்ணாடியின் மூலையில் தயாரிப்பாளரின் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர எண் ஐ.எஸ். 2553. ஒட்டிய பிறகு முத்திரை பெயின்ட்டுக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் அடியில் மறைந்துவிடலாம் என்பதால், வண்டியிலிருந்து இறக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. விரல் கணுவால் தட்டினால் கண்ணாடி கணீரென்னும், அக்ரிலிக் மொத்தென்னும். இவற்றுக்கு மறுப்புச் சொல்லும் கடையில் வேலை கொடுக்க வேண்டாம்.

மற்றப் பொருள்களிலும் இதே விளையாட்டு உண்டு. குடியாத்தத்தில் எங்கள் உறவினர் வீட்டில் 'மார்பிள் ஷீட்' என்று ஒட்டியது பி.வி.சி.யும் சுண்ணாம்புத் தூளும் கலந்த பலகை. அது அக்ரிலிக்கைவிடவும் குறைந்த சூட்டில், 80 டிகிரி அளவிலேயே இளகும், எரிந்தால் மூச்சை அடைக்கும் அமிலப் புகை விடும். வரவேற்பறைச் சுவருக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும், அடுப்படிக்கு ஆகாது. உண்மையான மார்பிளும் அடுப்படிக்குத் தோதானதன்று; அது சுண்ணாம்பு வகைக் கல் என்பதால் புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடம் பளபளப்பை இழந்து தடம் விழும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு தீக்கு அஞ்சாது. ஆனால் 304 ரகம் என்று சொல்லி, நிக்கல் குறைந்த 202 ரகத் தகட்டைக் கொடுப்பார்கள். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டிலும் பெரும்பாலும் ஒட்டாது. போதாக்குறைக்கு, உப்பு கூடிய போர்வெல் தண்ணீரில் துடைத்தால் ஸ்டீலிலும் கறுப்புக் கண்ணாடியிலும் வெள்ளைத் திட்டுகள் நிற்கும்.

பலகையைப் பெயர்த்தபோது சிலிக்கானோடு சுவர்ப் பூச்சும் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. மேஸ்திரியை வைத்து மறுபூச்சு பூசி, இப்போது விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டியிருக்கிறோம். அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீர் உறிஞ்சும் ஓடு அது. சூடும் எண்ணெயும் அதை ஒன்றும் செய்வதில்லை. கருத்துப் போவது இடுக்குதான் என்று முன்பே தெரிந்ததால், பெரிய அளவு ஓடுகளாக எடுத்து, இடுக்குகளைச் சிமென்டுக்குப் பதில் எபாக்ஸி என்னும் பிசினால் நிரப்பச் சொன்னோம். எபாக்ஸி விலை கூடுதல், பூசுவதற்கும் பழகிய கை வேண்டும். இறுகும் முன்பே துடைக்காவிட்டால் ஓட்டின் மேலேயே படிந்துவிடும் என்று மேஸ்திரி பக்கத்திலேயே நின்று துடைத்தார்.

கடைக்காரர் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார், நாங்கள் ஏற்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, வழக்கறிஞர் அறிவிப்பும் அனுப்பியிருக்கிறோம். பதில் வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இதே முறையில் ஏமாந்தவர்கள், பலகையைக் கழற்றி எறிவதற்கு முன் அதில் ஒரு துண்டையும் கடை அனுப்பிய செய்திகளையும் பத்திரப்படுத்தி வையுங்கள். ஒட்டிய நிலையிலும் வளைந்த நிலையிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகையைக் கழற்றும் வரை அதன் பக்கத்துப் பர்னரைப் பற்றவைக்காதீர்கள்.