ஈனாக் பவலின் அவைப் பேச்சுகளைத் தேட எந்த ஹன்சார்ட் தளம் உதவும்?

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் என்ன பேசினார் என்று பார்க்கக் காசில்லாமல் மூன்று தளங்கள் உண்டு. அவைப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டுக்கு நாடாளுமன்றமே நடத்தும் தளம், அதற்கு முன்னோடியாக வந்து இன்னும் மூடப்படாமல் நிற்கும் ‘ஹிஸ்டாரிக் ஹன்சார்ட்’, மைசொசைட்டி அமைப்பின் ‘தேவொர்க்ஃபார்யூ’. மூன்றையும் ஒரே ஆளை வைத்து உரசிப் பார்ப்பதுதான் சரி. அதற்குக் கன்சர்வேடிவ் கட்சியின் ஈனாக் பவலைவிடத் தோதான ஆள் கிடைப்பது கஷ்டம். 1950 முதல் 1974 பிப்ரவரி வரை வுல்வர்ஹாம்ப்டன் சவுத் வெஸ்ட் தொகுதி. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து 1987 வரை அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சிக்காரராக வட அயர்லாந்தின் சவுத் டவுன். நடுவில் அமைச்சர் பதவி, ராஜினாமா எல்லாம் உண்டு. தேடல் வசதி எங்கே சறுக்கும் என்பது இப்படிப்பட்டவரிடம்தான் தெரியவரும்.

பவல் என்றதும் பலரும் முதலில் தேடுவது 1968 ஏப்ரல் 20 அன்று குடியேற்றத்தை எதிர்த்துப் பேசிய பேச்சை. அது மூன்றிலும் இல்லை, இருக்கவும் முடியாது. பர்மிங்காம் ஹோட்டல் ஒன்றில் கட்சிக் கூட்டத்தில் பேசியது அது. ஹன்சார்ட் அவைக்குள் நடப்பதை மட்டுமே பதிவு செய்யும். அவர் பேச்சைப் பற்றி மற்ற உறுப்பினர்கள் அவையில் சொன்னது வேண்டுமானால் கிடைக்கும்.

அவைக்குள் பேசியதில் சோதனைக்கு எடுக்க வேண்டியது ஹோலா முகாம் விவாதம். அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கென்யாவின் ஹோலா தடுப்பு முகாமில் 1959 மார்ச் 3 அன்று 11 கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். தண்ணீர் குடித்ததால் வந்த சாவு என்றுதான் முதலில் அரசுத் தரப்பு அறிவித்தது. ஜூலையில் அவை இதை எடுத்துக்கொண்டபோது, ஆளுங்கட்சி வரிசையிலிருந்தே எழுந்து தன் அரசை வெளுத்து வாங்கியவர் பவல். ஆப்பிரிக்காவில் ஆப்பிரிக்க அளவுகோல், ஆசியாவில் ஆசிய அளவுகோல், நம் வீட்டில் மட்டும் பிரிட்டிஷ் அளவுகோல் என்று வைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம்.

இதைத் தேடும்போதே முதல் சிக்கல் வந்துவிடும். அவர் பேசியது நள்ளிரவு தாண்டி, அதாவது 28ஆம் தேதி. ஆனால் கூட்டம் தொடங்கிய நாளின் கணக்கில்தான் ஹன்சார்ட் வைக்கும். ஆகவே 1959 ஜூலை 27ஐத் திறக்க வேண்டும். நினைவுக் குறிப்புகளிலோ செய்தித்தாள்களிலோ உள்ள தேதியை நம்பித் தேடிக் கிடைக்கவில்லை என்றால், முந்தைய நாளையும் பார்த்துவிடுங்கள். தேதியில் இன்னொரு பொறி: அர்ஜென்டினா கைப்பற்றிய ஃபாக்லாந்து தீவுகள் பற்றிப் பவலும் பேசிய விவாதம் நடந்த 1982 ஏப்ரல் 3 சனிக்கிழமை. அவை கூடாத நாள் என்று நாட்காட்டியில் அதைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

இப்போதைய அதிகாரபூர்வத் தளத்தின் தேடல் வேகமானது. ஆள், தேதி, அவை என்று வடிகட்டலாம். ஒவ்வொரு பேச்சுக்கும் தனி இணைப்பு எடுக்கலாம். முழு விவாதத்தையும் வெறும் எழுத்துக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பழைய காலத்துக்குப் போகப் போகத்தான் தொல்லை. அச்சுப் பக்கங்களைப் படமெடுத்து எந்திரம் படித்த எழுத்து அது; வரியிறுதியில் உடைந்த சொற்களும் எழுத்துப் பிழைகளும் அப்படியே கிடக்கும். ஒரே சொல்லை நம்பித் தேடாமல், விவாதத் தலைப்பிலும் ஒருமுறை தேடுவது நல்லது.

பேசியவர் பெயரிலும் குழப்பம் உண்டு. 1960 முதல் 1963 வரை பவல் சுகாதார அமைச்சர். அந்த ஆண்டுகளில் பதவிப் பெயர் முன்னால் வந்து, அவர் பெயர் அதற்குள் ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு. 1979க்குப் பிறகு லேபர் கட்சியின் ரே பவல் வருகிறார். 1983இல் கன்சர்வேடிவ் கட்சியின் வில்லியம் பவலும் சேர்ந்துகொள்கிறார். ‘திரு. பவல்’ என்று மட்டும் பார்த்து மேற்கோள் எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த விவாதத்தில் அவர் முதலில் எழும் இடத்துக்கு மேலே போய், முழுப் பெயரையும் தொகுதியையும் சரிபார்த்தாக வேண்டும்.

இந்த வேலைக்குப் பழைய ஹிஸ்டாரிக் ஹன்சார்ட்தான் இன்றும் கை கொடுக்கிறது. 1803 முதல் 2005 வரை உள்ளது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பக்கம்: எந்தத் தொகுதி, எந்தத் தேதி முதல் எது வரை, கீழே ஆண்டுவாரியாகப் பேச்சுகள். பவலின் பக்கத்தில் 1974இல் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை ஒன்றுமே இருக்காது. தளத்தின் ஓட்டை அல்ல. அந்த மாதங்களில் அவர் உறுப்பினரே இல்லை. தோற்றம் அரதப் பழசு, புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை. ஆனால் ஒருவருடைய முப்பத்தேழு ஆண்டுக் காலத்தை ஒரே பார்வையில் காட்டும் வசதி புதிய தளத்துக்கு வரவே இல்லை. ஏன் கைவிட்டார்களோ!

அதிலும் குறைகள் உண்டு. 1969இல் பிரபுக்கள் சபைச் சீர்திருத்த மசோதாவை லேபர் கட்சியின் மைக்கேல் ஃபுட்டுடன் கைகோத்து பவல் இழுத்தடித்தே சாகடித்தார். அரசியலமைப்பைத் தொடும் மசோதா என்பதால் முழு அவையும் குழுவாக அமர்ந்து விவாதித்தது. அதனால் பதிவு இருக்கிறது. பட்டியலிலோ வெறும் ‘பிரிவு 1’, ‘பிரிவு 2’ என்றே தலைப்புகள் வரும். எந்த மசோதா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். பிரிட்டனை ஐரோப்பிய சமூகத்தில் சேர்க்க வந்த 1972 ஐரோப்பிய சமூகங்கள் மசோதாவிலும் இதே கதை. தனி அறையில் கூடும் நிலைக்குழு விவாதங்கள் இந்தத் தளத்தில் அடியோடு இல்லை. வாக்களித்ததும் அவர் பக்கத்தில் வராது. அந்த ஐரோப்பிய மசோதாவின் இரண்டாம் வாசிப்பு 1972 பிப்ரவரி 17 அன்று 309க்கு 301 என்று தப்பித்தது. எதிர்த்தவர்களில் பவல் ஒருவர். அதைப் பார்க்க விவாதத்தின் கடைசிக்குப் போய்ப் பெயர்ப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

அவருக்கு மற்றவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது வேண்டுமா? பெயரைப் போட்டுப் பயனில்லை. அவையில் ஒருவரையொருவர் தொகுதிப் பெயரால்தான் சுட்டுவார்கள். தொகுதியைத் தேடுங்கள். அச்சில் திசைப் பெயர் காற்புள்ளிக்குப் பின்னால் வரும் என்பதால் ‘வுல்வர்ஹாம்ப்டன், சவுத் வெஸ்ட்’, ‘டவுன், சவுத்’ என்ற வரிசையில் போட்டுப் பார்க்கவும்.

எத்தனை முறை பேசினார் என்ற எண்ணிக்கையை எந்தத் தளம் தந்தாலும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமைச்சராக இருந்தபோது படித்த ஒற்றை வரிப் பதிலும் கணக்கில் ஒன்று, ஹோலா பேச்சும் ஒன்று. அதேபோல் ஒருவர் பேச்சை மட்டும் பிரித்துக் காட்டும் வசதியையும் அளவோடு பயன்படுத்துங்கள். ஹோலா விவாதத்தில் செத்தவர்களை மனிதருக்கும் கீழானவர்கள் என்று முன்னால் பேசியவர் பவலின் கட்சிக்காரரே, லெஸ்டர் சவுத் ஈஸ்ட் உறுப்பினர். சக மனிதனை அப்படித் தரம் பிரித்து, அவன் சாவுக்குப் பொறுப்பில்லை என்பது பயங்கரமான கொள்கை என்று பவல் திருப்பிக் கொடுத்த இடத்தின் வேகம், அந்த முன்பேச்சையும் படித்தால்தான் உறைக்கும்.

மேற்கோள் காட்டப் பக்க எண் உதவாது. செய்தித்தாள் போல ஒரு பக்கத்தில் நெடுக்காக இரண்டு பத்தி (column), ஒவ்வொரு பத்திக்கும் ஒரு எண். அவை, தேதி, தொகுப்பு எண், பத்தி எண் என்று கொடுப்பது வழக்கம். ஹோலாவுக்குத் தொகுப்பு 610. இன்னொன்று, ஹன்சார்ட் சொல்லுக்குச் சொல் எடுத்த படி அல்ல. திரும்பச் சொன்னதை நீக்கி, வெளிப்படையான பிழையைத் திருத்தித்தான் அச்சிடுகிறார்கள். 1909க்கு முந்தைய தொகுப்புகள் இன்னும் மோசம். நிறையப் பேச்சுகள் பத்திரிகைச் செய்திகளிலிருந்து ஒட்டுப்போட்டவை.

தேவொர்க்ஃபார்யூவைப் பவலுக்காகத் திறக்க வேண்டியதில்லை. இன்று அவையில் இருப்பவர்களைத் தொடரத்தான் அது. உறுப்பினர் பெயரையோ ஒரு சொல்லையோ கொடுத்து மின்னஞ்சல் அறிவிப்பு வைத்தால், பேசியது தானாக வந்து சேரும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் அதிகாரபூர்வத் தளத்துக்கே போகலாம். பேசி ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் வரைவு ஏறிவிடும். வரைவை மேற்கோள் காட்டாமல் மறுநாள் பதிப்பு வரும்வரை பொறுங்கள், சொற்கள் மாறுவதுண்டு. எழுத்து மூலக் கேள்வி பதில்கள் 2014 முதல் தனித் தளத்துக்குப் போய்விட்டன, ஹன்சார்டில் தேடி அலைய வேண்டாம்.