ஜேடா, மாவ்சிட்சிட்டா: எதை வாங்கலாம்?

பச்சையாக, வழவழப்பாக இருக்கும் கல்லையெல்லாம் ஜேட் என்று விற்பது சந்தையில் சர்வ சாதாரணம். செர்பென்டைனும் அவெஞ்சுரினும் அந்தப் பெயரில்தான் கைமாறுகின்றன. அவெஞ்சுரினை வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளே பொடிப்பொடியாக மைக்கா மின்னும். அதோடு சந்தேகம் தீர்ந்தது. விவரம் தெரிந்தவரையும் யோசிக்க வைப்பது மாவ்சிட்சிட் என்ற பச்சைக் கல். மியான்மரின் கச்சின் மாநிலத்தில், ஜேட் வகைகளில் ஒன்றான ஜேடைட் எடுக்கும் அதே வட்டாரத்தில்தான் அதுவும் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, ஜேடைட்டும் அதில் கலந்திருக்கிறது.

ஜேட் என்பது ஒரே கல் அல்ல. ஜேடைட், நெஃப்ரைட் என்று இரண்டு உண்டு என 1863-ல் பிரெஞ்சு வேதியியலாளர் தாமூர் காட்டினார். 1963-ல் சுவிட்சர்லாந்து ரத்தினவியலாளர் எட்வர்ட் குபெலின் மாவ்சிட்சிட்டைத் தனியாக இனம் பிரித்தார். காஸ்மோகுளோர், ஜேடைட், ஆல்பைட் எனப் பல கனிமங்கள் சேர்ந்த பாறை இது. இவற்றில் காஸ்மோகுளோர் முதன்முதலில் அறியப்பட்டதே மெக்சிகோவில் விழுந்த டொலூக்கா விண்கல்லில்தான்.

நிறத்தில் என் ஓட்டு மாவ்சிட்சிட்டுக்கு. குரோமியம் தரும் பளிச்சென்ற பச்சை, அதன் ஊடே கருமையான திட்டுகளும் நரம்புகளும். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஆனால் ஒளி ஊடுருவாது. உயர்ரக ஜேடைட்டில் ஒளி உள்ளே இறங்கிக் கசியும் அழகை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

சந்தேகம் இருந்தால் எடை பாருங்கள். நகை எடை போடும் சிறு தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் நீரில் முழுக்கத் தொங்கவிடுங்கள். 10 கிராம் கல்லுக்குத் தராசு 3 கிராம் காட்டினால், பத்தை மூன்றால் வகுக்க 3.33 வரும், அது ஜேடைட்டின் அடர்த்தி. நெஃப்ரைட் 2.95-ஐ ஒட்டி வரும். மாவ்சிட்சிட் கலவைப் பாறை என்பதால் கல்லுக்குக் கல் மாறும்; ஏறக்குறைய 2.5 முதல் 3.2 வரை. ஆகவே 2.95 என்று வந்தால் எடையை மட்டும் நம்பாமல் ஆய்வகத்தில் காட்டுவது நல்லது.

விலையில் ஜேடைட்டுக்கும் மாவ்சிட்சிட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்; ஜேடைட்தான் மலை. அந்த விலையே ஜேடைட்டுக்கு வினையாகிறது: அமிலத்தில் வெளுத்து, பிசின் ஏற்றி, சாயமும் போட்டு விற்கிறார்கள். பெரிய தொகை கொடுக்கிறீர்கள் என்றால் ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் தொடவே வேண்டாம்.

பதக்கத்துக்கும் காதணிக்கும் மாவ்சிட்சிட்டைத் தாராளமாக வாங்கலாம், அதன் சொந்தப் பெயரிலேயே பில் போடச் சொல்லி. வளையலுக்கு அது வேண்டாம். கனிமத்துக்குக் கனிமம் கடினத்தன்மை மாறுவதால் மெருகு சீராக நிற்பது சிரமம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 ஜூலையில் கச்சினின் ஃபாகன்ட் (Hpakant) ஜேட் சுரங்கத்தில் மண் சரிந்து 170-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மண்ணின் கல்லை அணிய மனம் ஒப்பாதவர்களுக்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வரும் நெஃப்ரைட் இருக்கிறது. பளபளப்பில் ஒரு படி கீழே. ஆனால் இழைகள் பின்னிக் கிடப்பதால் எளிதில் உடையாது. தினமும் கையில் கிடக்கும் வளையலுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.