அயர்லாந்து பாஸ்போர்ட் என்று சொல்லி 1,85,000 ரூபாய் போச்சு

பெரம்பூர், பரங்கிமலை, பொன்மலை, போத்தனூர் பக்கம் இருக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இதை இன்றைக்கே படியுங்கள். ‘பூர்வீகம் வழியாக ஐரோப்பியக் குடியுரிமை’ என்று போர்டு மாட்டிய ஒரு கன்சல்டன்சி எங்களிடம் 1,85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இன்று காலை கையில் ஒரு ஃபைலைத் திணித்து அனுப்பிவிட்டது. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறான் தம்பி, அதனால் போடவில்லை. கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவரில் பச்சை வெள்ளை ஆரஞ்சுக் கொடி, உள்ளே கோட் போட்ட ஒருத்தர். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

என் மனைவி வீடு பொன்மலை ரயில்வே குடும்பம். மாமியாரின் கொள்ளுத் தாத்தா அயர்லாந்தில் கார்க் பக்கத்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறி மெட்ராஸ் வந்தவர். வீட்டுப் பழைய பைபிளின் முதல் தாளில் அவர் பெயரும் ‘மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ்’ என்ற ரெஜிமென்ட் பெயரும் பழுப்பு மையில் இன்னும் இருக்கிறது. பையன் டப்ளினில் படிக்க ஆசைப்படுகிறான். குடியுரிமை கிடைத்தால் விசாவுக்கு அலைய வேண்டாமே என்றுதான் போனோம்.

அந்த ஆள் பேசியதில் பாதி நிஜம். அதுதான் வயிற்றெரிச்சல். பைபிளை இரண்டு கையாலும் வாங்கினார். தாளில் விரல் படாமல், பென்சில் நுனியை மேலாக நகர்த்தி ஒவ்வொரு வரியாகப் படித்தார். “ஆன்ட்டி, இந்த மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ்தான் 1881ல ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆச்சு. உங்க தாத்தாவோட ரெஜிமென்ட் பேர்லயே டப்ளின் இருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?” ரெஜிமென்ட் விஷயம் உண்மைதான், பிறகு தேடிப் பார்த்தேன். அதற்காகக் கொள்ளுப் பேத்திக்குக் குடியுரிமை வந்துவிடுமா? ஆனால் அந்த நேரத்தில் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வீட்டுக் கதையை வெளியாள் ஒருத்தர் அத்தனை மரியாதையாகக் கேட்டதே இல்லை. அன்றைக்கே 50,000 கட்டினோம். பிறகு ‘ஆர்க்கைவ்ஸ் ஃபீஸ்’, அப்புறம் ‘அட்டெஸ்டேஷன்’, கடைசியாக ‘ஃபைலிங்’. மொத்தம் 1,85,000.

பணம் போனதும் ஆள் மாயம். போன் செய்தால் “சார் மீட்டிங்ல இருக்கார்”. அடுத்த வாரம் “டப்ளின்ல லீவு சார், செயின்ட் பேட்ரிக் டே முடியட்டும்”. வாட்ஸாப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் ரிசப்ஷனில் புதுப் பெண், அவளுக்கு எங்கள் பெயரே தெரியாது. அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

இன்று தந்த ஃபைலில் என்ன இருந்தது தெரியுமா? குடும்பப் பெயர் போட்ட ஒரு கேடயச் சின்னம், தங்கக் கரை வைத்த ‘ஐரிஷ் பாரம்பரியச் சான்றிதழ்’, கொள்ளுத் தாத்தாவின் ‘பிறப்புச் சான்றிதழ்’. பிறந்த வருஷம் 1841, பதிவு மாவட்டம் கார்க், பதிவு எண் எல்லாம் சுத்தமாக இருந்தது. பையன் போனில் தேடி அங்கேயே கேட்டான்: “சார், அயர்லாந்துல பிறப்பு எல்லாத்தையும் அரசாங்கம் பதிவு பண்ண ஆரம்பிச்சதே 1864லதானே?” பதில் இல்லை. இன்னொரு தாள் ‘1861 சென்சஸ் நகல்’. அந்த வருஷத்துச் சென்சஸ் தாள்களை அரசாங்கமே அழித்துவிட்டது, அநேகமாக யாரிடமும் நகல் இருக்க வழியில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரசீதைக் காட்டுகிறார்கள்: “நாங்க டாக்குமென்டேஷன் சர்வீஸ்தான் சார். பாஸ்போர்ட்னு எங்கயாவது எழுதியிருக்கா?” 1,85,000 ரூபாய்க்கு ஒரு கலர் பிரின்ட்!

பாரம்பரியச் சான்றிதழ் கதையையும் கேளுங்கள். அயர்லாந்து அரசே 2011ல் அப்படி ஒன்று கொண்டுவந்து, வாங்க ஆள் இல்லாமல் 2015ல் நிறுத்திவிட்டது. அந்த அசல் சான்றிதழை வைத்துக்கூட விசாவோ குடியுரிமையோ கேட்க முடியாது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது நிதானம் இல்லை. சுருக்கமாக: தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்து மண்ணில் பிறந்திருந்தால்தான் குடியுரிமை தரும் அவர்களின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் நேரே சேரலாம். கொள்ளுத் தாத்தா என்றால், நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் அப்பாவோ அம்மாவோ அதில் பதிந்திருக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் கதவு அடைத்த மாதிரிதான். விண்ணப்பம் அயர்லாந்து வெளியுறவுத் துறையின் தளத்திலேயே இருக்கிறது, பெரியவர்களுக்கு 278 யூரோ, நடுவில் ஆள் தேவையில்லை. 1901, 1911 சென்சஸ், பழைய கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் எல்லாம் இணையத்தில் இலவசம். மெட்ராஸ் ராஜதானியின் ஞானஸ்நான, கல்யாணப் பதிவுகளின் நகல் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது.

ஒரிஜினல் எதையும் கையில் கொடுக்காதீர்கள். ‘ஸ்கேன் பண்ணிட்டுத் தர்றோம்’ என்று வாங்கிய பைபிளை இன்னும் தரவில்லை. ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாயிற்று, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கும் பேசியாயிற்று. 1,85,000 எப்போது வரும் என்று தெரியாது, பைபிள் மட்டும் திங்கட்கிழமைக்குள் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.