தாசப்பிரகாஷ் ஒண்ணு குடுங்க

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு லண்டன் திரும்பியாச்சு. ஆனால் சென்ட்ரல் வாசலில் ஆட்டோவுக்கு நின்ற அந்த நாற்பது நிமிடம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஆப்பில் போட்டதும் ஒருவர் வருவதாகக் காட்டும். உடனே போன் வரும்: "எங்க சார் போகணும்? கேஷா, ஆன்லைனா?" பதில் சொன்ன மறுநொடி ரத்து. இப்படியே நான்கு பேர். போகிற இடம்தான் திரையிலேயே இருக்கிறதே, அப்புறம் எதற்குக் கேட்பது? லண்டனில் இத்தனை வருஷத்தில் ஒரு டிரைவர்கூட என்னை இப்படிக் கூப்பிட்டு விசாரித்ததில்லை.

சரி, பழையபடி பஸ்ஸே கதி என்று ஏறிவிட்டேன். சித்தப்பா வீடு கீழ்ப்பாக்கம் பக்கம். கண்டக்டர் வந்ததும் என்னையறியாமல் வாயில் வந்தது, "தாசப்பிரகாஷ் ஒண்ணு குடுங்க." மறுபேச்சில்லாமல் டிக்கெட்டைக் கையில் வைத்தார். ரிப்பன் மாளிகை தாண்டிக் கொஞ்ச நேரத்தில், "தாசப்பிரகாஷ்லாம் இறங்கு" என்று விசில். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏனென்றால் தாசப்பிரகாஷ் இல்லை. கே. சீதாராம ராவ் 1954இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கட்டிய அந்த ஆர்ட் டெக்கோ கட்டடப் பாணி ஹோட்டலை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அப்பாவுக்குச் சம்பளம் வந்தால் எங்களுக்கு அங்கேதான் டிபன். கடைசியில் ஐஸ்கிரீம் வரும். கிண்ணத்தின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கும். நான் விரலால் அதில் என் பெயரை எழுதுவேன். இப்போது பால்கனிகளில் துணி காய்கிறது.

லண்டனிலும் ஹோட்டல்கள் வீடாகியிருக்கின்றன. செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தை ஒட்டி 1873இல் திறந்த மிட்லாண்ட் கிராண்ட் ஹோட்டலில் அறைக்குள் குளியலறை கிடையாது. தளங்கள் கனமான கான்கிரீட், பின்னால் குழாய் கொண்டுபோவதும் லேசில்லை. 1935இல் மூடிவிட்டார்கள். 60களில் இடிக்கப் பார்த்தபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் போராடினார்கள். 1967இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. இன்று கீழே ஹோட்டல், மேலே வீடுகள். அதே செங்கல், அதே கோபுரம். வேலைக்குப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். சென்னையில் அந்த முகப்பை மட்டுமாவது விட்டிருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

திரும்பும்போதும் பஸ்தான். இந்தத் தடவை கண்டக்டர் சின்னப் பையன், இருபத்தைந்து இருக்கலாம். "தம்பி, இந்த ஸ்டாப்புக்கு ஏன் இந்தப் பேருன்னு தெரியுமா?" என்றேன்.

"ஏதாவது சாமி பேரா இருக்கும் சார்."

கூட்டம் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். சென்ட்ரல் வரும்வரை அந்த ஐஸ்கிரீமைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன்.