கூப்பிட்டது யார்? மூன்று நாடுகள், மூன்று கூட்டணிகள்

உறுப்பு நாட்டின் உள்நாட்டுக் கொந்தளிப்பில் கூட்டணிப் படை இறங்கினால், எத்தனை வீரர்கள் என்றுதான் செய்திகள் கணக்குப் போடும். கூப்பிட்டது யார் என்பதுதான் முக்கியம் என்பேன்.

வேகம் என்று பார்த்தால் ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பை மிஞ்ச ஆளில்லை. 2022 ஜனவரியில் எரிவாயு விலை ஏறியதும் கஜகஸ்தானின் ஜானாஓசெனில் போராட்டம் வெடித்து, அல்மாட்டி வரை பரவியது. 5ஆம் தேதி அதிபர் டோகாயெவ் உதவி கேட்டார். மறுநாளே படை கிளம்பிவிட்டது. சுமார் 2,500 பேர். 19ஆம் தேதிக்குள் திரும்பியும் போனார்கள். சுத்தமான வேலை போலத் தெரியும். ஆனால் வந்தவர்கள் முக்கிய இடங்களுக்குக் காவல் நிற்க, சுடும் வேலையை உள்ளூர்ப் படை பார்த்துக்கொண்டது. எச்சரிக்காமல் சுட உத்தரவிட்டதாக அதிபரே தொலைக்காட்சியில் சொன்னார். அரசுக் கணக்கிலேயே 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இதே அமைப்பு 2010இல் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரம் இனக் கலவரத்தில் எரிந்தபோது படை அனுப்பவில்லை. அது உள்நாட்டு விவகாரமாம்!

பஹ்ரைன் கதையும் ஏறக்குறைய இதுதான்: மன்னராட்சிக்கு எதிராகப் போராட்டம், உதவி கேட்டது அரசு. 2011 மார்ச் 14 அன்று வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் பெயரில் சுமார் 1,000 சவூதி வீரர்கள் கடல்பாலம் தாண்டி வந்தார்கள். அமீரகம் 500 போலீசாரை அனுப்பியது. இங்கேயும் காவல் வேலைதான். நான்கே நாளில், போராட்டக்காரர்கள் கூடிய முத்துச் சதுக்கத்தின் நினைவுச்சின்னம் தரைமட்டமானது.

காம்பியா மட்டும் வேறு ரகம். 2016 டிசம்பர் தேர்தலில் தோற்ற அதிபர் யாஹ்யா ஜாமே, முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்புறம் பல்டி அடித்தார். வென்ற அடாமா பாரோ 2017 ஜனவரி 19 அன்று செனகலில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பான எகோவாஸின் படை அன்றே எல்லை தாண்டியது. இரண்டு நாளில் ஜாமே நாட்டைவிட்டுப் போனார். பெரிய சண்டை இல்லை. இங்கே உதவி கேட்டவர் வாக்குப்பெட்டியில் வென்றவர். என் ஓட்டு இதற்குத்தான். ஒரு குறை: படை வருடக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டது.

சரி, எகோவாஸ் வழியை எங்கும் பிரயோகிக்கலாமா? காம்பியா செனகலுக்கு நடுவே கிடக்கும் சின்ன நாடு. ஜாமேயின் ராணுவத் தளபதியே சண்டை போட மாட்டோம் என்றார். 2023இல் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, எகோவாஸ் ஒரு வாரக் கெடு விதித்தது. கெடு முடிந்தும் படை நகரவில்லை. 2025 ஜனவரியில் மாலி, புர்கினா ஃபாசோவுடன் நைஜர் கூட்டமைப்பைவிட்டே வெளியேறிவிட்டது.