ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்: இரட்டைக் கண்ட்ரோலர் ஸ்டோரேஜும் அதன் பேட்டரியும்

கடந்த வாரம் எங்கள் ஸ்டோரேஜின் (பல சர்வர்களின் தரவைப் பல டிஸ்க்குகளில் சேமித்துவைக்கும் கருவி) இரண்டாவது கண்ட்ரோலரில், அதாவது அந்த டிஸ்க்குகளை இயக்கும் இரண்டு பலகைகளில் ஒன்றில், பேட்டரியை மாற்றினோம். அதே வாரத்தில், வேறோர் இடத்தில் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் நண்பர் ஒருவர், இந்த மாடல் இப்போது புதுப்பிக்கப்பட்ட நிலையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட மனம் வரவில்லை. ஆறு ஆண்டுகள் இரவு பகலாக இதனோடு இருந்திருக்கிறேன். இதன் நன்மைகளையும் சொல்ல வேண்டும், என்னை விடாமல் வருத்திய அந்த ஒரு குறையையும் சொல்ல வேண்டும்.

எங்களுடையது 24 டிஸ்க்குகள் கொண்டது. ஒவ்வொன்றும் 8 டெராபைட், நிமிடத்துக்கு 7,200 சுற்று வேகம். பதினொன்று பதினொன்றாக இரண்டு ரெய்டு 6 குழுக்கள் (ஒரு குழுவில் இரண்டு டிஸ்க்குகள் போனாலும் தரவைக் காக்கும் முறை), மீதமுள்ள இரண்டும் ஹாட் ஸ்பேர், அதாவது பழுதான டிஸ்க்கின் இடத்தைப் பிடிக்கத் தயாராகக் காத்திருப்பவை. ஃபைபர் சேனல் என்ற அதிவேகச் சேமிப்பு வலையமைப்பு வழியாகச் சில சர்வர்கள் இதைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் கணக்குத் துறையின் தரவுத்தளமும் ஒன்று. மற்ற விவரங்களை எந்த விவரக்குறிப்பிலும் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நன்மை. இந்த ஆறு ஆண்டுகளில் ஐந்து டிஸ்க்குகள் போயின. ஒரு பைட் தரவுகூடப் போகவில்லை. பின்னணியில் ஓயாமல் நடக்கும் சரிபார்ப்பு, ஐந்தில் மூன்றை அவை முற்றிலும் செயலிழக்கும் முன்பே இனங்கண்டு, உள்ளடக்கத்தை ஹாட் ஸ்பேருக்கு நகலெடுத்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் முழு ரீபில்டு, அதாவது போன டிஸ்க்கின் தரவைக் குழுவின் மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டு மீண்டும் எழுதுவது, தேவைப்பட்டது. 8 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலே ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். வழக்கமான வேலையும் சேர்ந்து நடந்ததால் எங்களுக்கு 31 மணி நேரம் ஆனது. அந்த 31 மணி நேரமும் நான் அமைதியாக உறங்க முடிந்ததற்குக் காரணம், அதே குழுவில் இன்னொரு டிஸ்க் போனாலும் ரெய்டு 6 தாங்கும் என்பதுதான்.

நான்காம் ஆண்டில் ஒருநாள் இரண்டு மின் இணைப்புகளும் ஒரே நேரத்தில் அறுந்தன. தரவுத்தளம் முழு வேகத்தில் எழுதிக்கொண்டிருந்த வேளை அது. நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு மின்சாரம் வந்தபோது, கேஷில் (டிஸ்க்குக்குப் போகும் முன் தரவு தங்கும் தற்காலிக நினைவகம்) இருந்தவை பாதுகாப்பாக டிஸ்க்குகளில் எழுதப்பட்டுவிட்டன என்ற ஒற்றை வரி லாகில், அதாவது நிகழ்வுப் பதிவில், வந்தது. தரவுத்தளம் எந்தப் பழுதும் இல்லாமல் திறந்தது. அந்த நாற்பது நிமிடங்களும் கேஷுக்கு உயிர் கொடுத்தது, நான் இனி குறை சொல்லப்போகும் அதே பேட்டரிதான்.

குறையைப் புரிந்துகொள்ள, கேஷ் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ரெய்டு 6-இல் ஒரு சிறு எழுத்துக்கு (சிறிதளவு தரவை ஒருமுறை எழுதும் வேலைக்கு), பழைய தரவையும் இரண்டு பழைய பாரிட்டிகளையும் (இழந்த தரவை மீட்க உதவும் கணக்கீட்டு மதிப்புகள்) படித்து, பிறகு மூன்றையும் புதிதாக எழுத வேண்டும். ஆக, சர்வர் கேட்ட ஓர் எழுத்து ஆறு டிஸ்க் வேலைகளாகிறது. பாரிட்டி முறையில் சிறு எழுத்துகளுக்கு நேரும் இந்தச் சுமை புதிய கண்டுபிடிப்பு அன்று. ரெய்டு என்ற பெயரையே தந்த, பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரின் 1988 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அது விவாதிக்கப்பட்டிருக்கிறது. 7,200 சுற்று டிஸ்க் ஒன்று நொடிக்கு 75 முதல் 80 வரையிலான சிதறிய வேலைகளையே செய்யும். 22 டிஸ்க்குகளையும் கூட்டி ஆறால் வகுத்தால், நொடிக்கு 300 சிறு எழுத்துகளைக்கூட எட்டாது. பரபரப்பான தரவுத்தளம் ஒன்றுக்கு இது எந்த மூலைக்கும் போதாது.

ரைட்-பேக் முறையில் இந்தப் பற்றாக்குறை வெளியே தெரிவதில்லை. சர்வர் அனுப்பியதை இரு கண்ட்ரோலர்களின் கேஷிலும் வைத்தவுடன் 'எழுதியாயிற்று' என்று பதில் போய்விடும். டிஸ்க்குக்கு எழுதுவதைக் கண்ட்ரோலர் பிறகு ஒழுங்குபடுத்திச் சேர்த்துச் செய்துகொள்ளும். பதில் ஒரு மில்லி விநாடிக்குள் கிடைக்கிறது. ஆனால் மின்சாரம் போனால் கேஷைக் காப்பாற்றப் பேட்டரி இருக்கிறது என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி குலைந்த நொடியில் கண்ட்ரோலர் ரைட்-த்ரூ முறைக்கு மாறுகிறது. ஒவ்வோர் எழுத்தும் டிஸ்க்கைத் தொட்ட பிறகே பதில் வரும். இந்த முடிவில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. வேகத்தைவிடத் தரவு பெரிது. என் கோபமெல்லாம் அது எப்போது மாறுகிறது, மாறியதை எப்படிச் சொல்கிறது என்பவற்றைப் பற்றியதே.

பேட்டரியின் உண்மையான கொள்ளளவை அறிய, இந்த மாடல் 90 நாட்களுக்கு ஒருமுறை லேர்ன் சைக்கிள் நடத்துகிறது: பேட்டரியை முழுவதும் வடியவிட்டு, மீண்டும் முழுவதும் ஏற்றி அளக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பேட்டரி வடிந்திருந்தாலும் இரு கண்ட்ரோலர்களும் ரைட்-த்ரூவுக்கு மாறிவிடுகின்றன. இரண்டு பேட்டரிகளுக்கும் அடுத்தடுத்து நடப்பதால் ஏழு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. நாளையும் நேரத்தையும் நாம் குறித்துக்கொடுக்க மேலாண்மைத் திரையில் இடமில்லை. 90 நாள் என்பது 12 வாரமும் 6 நாளும் என்பதால், சைக்கிள் ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை முன்னால் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நடந்தபோது எவருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை நடந்தபோதும் தெரியவில்லை. அடுத்தது வெள்ளிக்கிழமை வந்தது, அதுவும் மாதக் கணக்கு முடிக்கும் நாளில்.

அன்று தரவுத்தளத்தின் எழுத்து லேட்டன்சி (ஓர் எழுத்துக்குப் பதில் வர ஆகும் நேரம்) ஒரு மில்லி விநாடியிலிருந்து நாற்பதுக்கு ஏறியது. தரவுத்தளத்தைப் பார்க்கும் சக ஊழியர் தம் குவெரிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நான் ஃபைபர் சேனல் சுவிட்சுகளையும், சர்வர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளில் ஸ்டோரேஜை அடைய உதவும் மல்டிபாத் அமைப்பையும் ஆராய்ந்தேன். மாலையில் தானாகவே எல்லாம் சரியாகிவிட்டது. காரணம் தெரியாமல் சரியான ஒன்று மீண்டும் வரும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஐயத்தில் மேலும் இரண்டு நாள் தேடிய பிறகுதான், ஸ்டோரேஜின் உள் லாகில் 'கேஷ் முறை மாற்றப்பட்டது' என்ற வரியைக் கண்டேன். அதன் முக்கியத்துவ நிலை: 'தகவல்'. எச்சரிக்கைகளை மட்டும் எங்கள் கண்காணிப்பு சர்வருக்கு அனுப்பும்படி அமைத்திருந்ததால், அந்த வரி ஸ்டோரேஜைவிட்டு வெளியே வரவே இல்லை. மின்விசிறி ஒன்று சற்று மெதுவாகச் சுழன்றால் எச்சரிக்கை அனுப்பும் கருவி, தன் எழுத்து வேகம் நாற்பதில் ஒன்றாகக் குறைந்ததை வெறும் தகவலாகக் கருதியது. இதை வடிவமைத்தவர்கள் ஒருநாளாவது ஓர் உண்மையான தரவுத்தளத்தை இதன்மேல் ஓட்டிப் பார்த்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்றே இன்றும் நம்புகிறேன். தயாரிப்பாளருக்கு மூன்று முறை எழுதினேன். அதன்பின் கருவியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரில் இரண்டு பதிப்புகள் வந்தன. அந்த வரியின் நிலை மாறவில்லை.

தேடியபோது ஒரு வழி கிடைத்தது. கட்டளை வரியில் சைக்கிளை நாமே தொடங்கலாம்; தொடங்கினால் 90 நாள் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பமாகும். எனவே 84 நாட்களுக்கு ஒருமுறை, அதாவது சரியாகப் பன்னிரண்டு வாரங்களுக்கு ஒரு சனிக்கிழமை இரவு, நானே தொடங்கிவைக்கிறேன். கேஷ் முறையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு, ரைட்-த்ரூ என்று பதில் வந்தால் என் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றும் எழுதிவைத்தேன். நான்கு ஆண்டுகளாக இந்த ஏற்பாட்டில் ஓடுகிறது. விடுமுறையில் சென்றாலும் அந்தச் சனிக்கிழமையை மறக்க முடிவதில்லை.

கடந்த வாரத்துப் பழுதைக் கண்டுபிடித்ததும் அந்த ஸ்கிரிப்ட்தான். பேட்டரி தன் ஆயுளை முடித்து வீங்கியிருந்தது. லித்தியம் பேட்டரி முதுமையடைவது எவருடைய குற்றமும் அன்று. சேவையை நிறுத்தாமலே மாற்றலாம் என்று கையேடு சொல்கிறது, அது உண்மை. மாற்றுவதற்குக் கண்ட்ரோலரையே வெளியே இழுத்தோம். மல்டிபாத் ஒழுங்காக இருந்ததால் எந்தச் சர்வரும் டிஸ்க்கை இழக்கவில்லை. ஆனால் கேஷைப் பிரதியெடுக்க இணை இல்லாததால், மீதமிருந்த கண்ட்ரோலர் ரைட்-த்ரூவில் ஓடியது. கண்ட்ரோலரைத் திரும்பச் செருகிய பிறகும், கிடங்கில் நெடுநாள் கிடந்து வடிந்திருந்த புதிய பேட்டரி முழுவதும் ஏறும்வரை அதே நிலை தொடர்ந்தது. மொத்தம் ஒன்பது மணி நேரம். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வாக்கியமும் இல்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஸ்டோரேஜின் பராமரிப்பு ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கச் சொல்லிக் கையெழுத்திட்டவன் நான்தான்; என் தரவை இதைவிட நம்பிக்கையோடு ஒப்படைக்க வேறு கருவி இப்போது என்னிடம் இல்லை. ஆனாலும் நீங்கள் இதை வாங்க வேண்டாம். பேட்டரிக்குப் பதிலாகச் சூப்பர் கெப்பாசிட்டரும் (சிறிது நேரத்துக்கு மின்சாரம் தரும் மின்தேக்கி) ஃபிளாஷும் (மின்சாரம் இல்லாமலும் தரவைத் தக்கவைக்கும் நினைவகம்) கொண்டு, மின்சாரம் போன சில நொடிகளுக்குள் கேஷை ஃபிளாஷுக்கு நகலெடுத்துவிடும் கருவிகள் பல ஆண்டுகளாகவே கிடைக்கின்றன. சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் அவற்றில் ஒன்றைப் பாருங்கள். காப்பு நகல்களை மட்டும் வைத்துக்கொள்ளத்தான், இரவில் பெரிய கோப்புகள் மட்டுமே வந்து சேரும் என்றால், இந்தக் குறை உங்களை அவ்வளவாகப் பாதிக்காது. அதற்காகவே வாங்குவதானாலும், பணம் கொடுப்பதற்கு முன் இரு கண்ட்ரோலர்களையும் வெளியே எடுக்கச் சொல்லி, பேட்டரிகளின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.